ஆங்கிலத் துணைவினைகளும் நம் ‘வேண்டாமும்’



தமிழ்ப்பள்ளி மாணவர்கள் ஆங்கிலத் துணைவினைகளைப் பெரும்பாலும் ஒரு பட்டியலாகவே மனனம் செய்கின்றனர். ‘கேன்’ என்றால் முடியும். ‘மஸ்ட்’ என்றால் வேண்டும். ‘மஸ்ட் நாட்’ என்றால் வேண்டாம். 2021இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வு நீக்கப்பட்ட பின்பும் இப்பழக்கம் நீங்கவில்லை. ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்னும் இம்முறை மாணவர்களுக்கு நன்மையைவிடத் தீமையே அதிகம் செய்கிறது என்பது என் கருத்து.

தமிழில் ‘வேண்டாம்’ இருபொருள் தரும் சொல். ‘நீ நாளை வர வேண்டாம்’ என்றால், வராதே என்றும் கொள்ளலாம். வருவதற்குத் தேவையில்லை என்றும் கொள்ளலாம். ஆங்கிலத்தில் இவை இரண்டும் வெவ்வேறு தொடர்கள். ‘யூ மஸ்ட் நாட் டிரிங்க் திஸ்’ என்பது தடை. இதைக் குடிக்கக் கூடாது. ‘யூ டோன்ட் ஹேவ் டு டிரிங்க் திஸ்’ என்பது தடையன்று. குடிக்க வேண்டியதில்லை, விரும்பினால் குடிக்கலாம். மருந்துப் புட்டியில் உள்ள முதல் தொடரை ஒரு பிள்ளை இரண்டாம் தொடராகப் பொருள்கொண்டால் என்னவாகும்? இது மதிப்பெண்ணோடு முடிந்துவிடும் செய்தியன்று.

‘கேன்’ என்பதும் அவ்வாறே. ‘ஐ கேன் சுவிம்’ என்றால் எனக்கு நீந்தத் தெரியும். ‘யூ கேன் சுவிம் ஹியர்’ என்றால் நீ இங்கே நீந்தலாம். முன்னது திறன், பின்னது அனுமதி. மலாய்மொழியின் ‘போலே’ போன்று ஆங்கிலச் சொல் இரண்டையும் சுமக்கிறது. தமிழோ தெரியும், முடியும், லாம் எனப் பிரித்துக் காட்டுகிறது. அவ்வேறுபாட்டை முன்பே அறிந்த பிள்ளைக்கு ‘முடியும்’ என்ற ஒன்றை மட்டும் கொடுப்பது, இருப்பதைப் பறிப்பதாகும்.

வினையடைகளிலும் இச்சிக்கல் உண்டு. ‘நான் ஒருபோதும் பொய் சொல்ல மாட்டேன்’ என்பதில் எதிர்மறை வினையில் இருக்கிறது. மலாயில் ‘திடாக் பெர்னா’ என எதிர்மறைச் சொல் தனியே நிற்கிறது. ஆங்கில ‘நெவர்’ எதிர்மறையைத் தன்னுள்ளேயே கொண்டது. இதை விளக்காவிட்டால் பிள்ளைகள் ‘ஐ டோன்ட் நெவர் லை’ என எழுதுவதில் வியப்பில்லை. ‘ஆல்வேய்ஸ்’ போன்ற சொற்கள் துணைவினைக்கும் முதன்மை வினைக்கும் நடுவே அமர்வதையும் சொல்லித்தர வேண்டும்: ‘யூ மஸ்ட் ஆல்வேய்ஸ் வாஷ் யுவர் ஹேண்ட்ஸ்.’ தமிழில் வினை இறுதியில் வருவதால், ‘எப்போதும்’ என்ற சொல் அதற்கு முன் பல இடங்களில் நிற்கக்கூடும்.

“அப்படியானால் ஆங்கில வகுப்பில் தமிழே வேண்டாமே!” எனச் சில பெற்றோர் கூறுவர். அவர்தம் அக்கறை மதிக்கத்தக்கது. ஆயினும் நாம் தடுத்தாலும் பிள்ளை மனத்திற்குள் இரு மொழிகளையும் ஒப்பிட்டுக்கொண்டுதான் இருக்கும். அந்த ஒப்பீட்டைச் சரியாகச் செய்யக் கற்பிப்பதே நம் கடமை. தவறு தமிழில் இல்லை, பட்டியலில் இருக்கிறது.

ஆசிரியர்கள் பட்டியலை விடுத்து வகுப்பு விதிகளிலிருந்து தொடங்கலாம். சீருடை அணிய வேண்டும். நடைபாதையில் ஓடக் கூடாது. விடுமுறை நாளில் பள்ளிக்கு வர வேண்டியதில்லை. நூலகத்தில் நூல் இரவல் பெறலாம். இந்நான்கையும் மாணவர்கள் முதலில் தமிழில் வேறுபடுத்தட்டும். பின்னர் ஒவ்வொன்றுக்கும் உரிய ஆங்கிலத் தொடரைக் கண்டறியட்டும். பெற்றோரும் வீட்டு விதிகளைக் கொண்டு இதையே செய்யலாம். இதற்கு ஆங்கிலப் புலமை தேவையில்லை. ‘கூடாது’ எது, ‘வேண்டியதில்லை’ எது எனப் பிள்ளையைத் தெளிவாகச் சொல்ல வைத்தாலே போதும்.

தமிழில் பொருள் தெளிந்த பிள்ளைக்கு ஆங்கிலத் தொடர் அமைப்பு சுமையாகாது. இதுபற்றித் தங்கள் கருத்துகளையும் எழுதுங்கள்.