கள்ளுக்குத் தடை! குவார்ட்டருக்குக் கடை! இது என்ன நியாயம்?

  

2023 மே மாதத்தை மறக்க முடியுமா? மரக்காணம் பக்கத்தில் எக்கியார்குப்பம். சாராயம் என்று நம்பிக் குடித்தது மெத்தனால் விஷம். நம்ம விழுப்புரம் மாவட்டத்தில் மட்டும் 14 பேர் செத்தாங்க. அதே நாட்களில் பக்கத்துச் செங்கல்பட்டு மாவட்டத்திலும் 8 பேர். அடுத்த வருஷம் 2024 ஜூன் மாதம், கள்ளக்குறிச்சி கருணாபுரம். 2019 வரைக்கும் நம்ம மாவட்டத்தோடு இருந்த ஊர். அங்கே 60 பேருக்கு மேல் பிணமானாங்க. செத்தவங்க எல்லாம் யாரு? பெரும்பாலும் கூலி வேலை செய்து, கடலுக்குப் போய் வயிறு வளர்த்த ஏழை ஜனங்க.

ஒவ்வொரு சாவுக்குப் பிறகும் ரெய்டு நடக்குது, நாலு பேர் கைது, நிவாரணத் தொகை அறிவிப்பு. ஆனா யாருமே கேட்காத ஒரு கேள்வி இருக்கு. எந்தப் போதை எவ்வளவு கெடுதல்? கெடுதலுக்குத் தக்கபடிதான் சட்டம் இருக்கா? தராசு எடுத்து நிறுத்துப் பார்ப்போம், வாங்க.

முதல் தட்டில் மெத்தனால். இது குடிக்கிற சரக்கே கிடையாது, தொழிற்சாலைக்கான ரசாயனம். உடம்புக்குள்ளே போனதும் ஃபார்மிக் அமிலமாக மாறி, கண் நரம்பைத்தான் முதலில் தாக்கும். 10 மில்லி கண்ணைப் பறிக்கலாம், 30 மில்லி உயிரை எடுக்கலாம். குடித்த உடனே தெரியாது. பல மணி நேரம் கழித்துத்தான் வயிற்று வலியும் கண் மங்கலும் வரும். அப்படி வந்தா போலீசுக்குப் பயந்து வீட்டில் படுக்காதீங்க. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. மாற்று மருந்தும் டயாலிசிசும் இருக்கு.

இரண்டாவது தட்டில் கடைச் சரக்கு. பிராந்தி, விஸ்கியில் ஆல்கஹால் ஏறக்குறைய 43 சதவீதம். 180 மில்லி குவார்ட்டரில் 77 மில்லி சுத்த ஆல்கஹால் போகுது. மூணாவது தட்டில் கள். அதில் 4 முதல் 6 சதவீதம் வரைக்கும்தான். ஒரு லிட்டர் கள் குடித்தாலும் சுமார் 50 மில்லி. அதாவது, ஒரு குவார்ட்டர் ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் கள்ளுக்குச் சமம். குவார்ட்டரை அஞ்சு நிமிஷத்தில் கவிழ்க்கலாம். ஒன்றரை லிட்டர் கள்ளு வயிற்றை அடைச்சிடும்.

வெளிநாட்டு ஆராய்ச்சியும் இருக்கு. 2010-ல் இங்கிலாந்து நிபுணர்கள் 20 போதைப் பொருட்களை எடுத்து, குடிக்கிறவனுக்கு என்ன கெடுதல், குடும்பத்துக்கும் ஊருக்கும் என்ன கெடுதல் என்று நூற்றுக்கு மார்க் போட்டாங்க. மதுவுக்கு 72, ஹெராயினுக்கு 55, புகையிலைக்கு 26, கஞ்சாவுக்கு 20. முதலிடம் மதுவுக்குத்தான்! அதற்காகக் கஞ்சா நல்லது என்று நாம சொல்லல. சட்டம் போடுகிற வரிசை வேறு, கெடுதலின் வரிசை வேறு என்றுதான் சொல்றோம்.

பனையில் பாளை சீவி, சுண்ணாம்பு தடவிய கலயம் கட்டினா பதநீர், அரசாங்கமே விற்கச் சொல்லும். அதே மரம், அதே பாளை, சுண்ணாம்பு இல்லாத கலயம் என்றால் குற்றம்! 1987-லிருந்து இந்தத் தடை. ஆனா 2003 முதல் அரசாங்கமே டாஸ்மாக் சில்லறைக் கடை நடத்துது. 2024-25-ல் அதன் மூலம் வந்த வருமானம் 48,344 கோடி ரூபாய். மரத்தடிக் கள்ளில் அந்த வருமானம் வராது. புரியுதா சேதி? பனை நம்ம மாநில மரமாம். கலெக்டர் அனுமதி இல்லாமல் வெட்டக்கூடாதாம். வெட்டவும் கூடாது, இறக்கவும் கூடாது என்றால் அந்த மரத்தை வைத்து விவசாயி என்ன செய்வான்? கண்டமங்கலம் தாண்டி ரெண்டு எட்டு வைத்தா புதுச்சேரியில் கள்ளுக்கடை இருக்கு. எல்லைக்கு அந்தப் பக்கம் உணவு, இந்தப் பக்கம் விஷமா?

தாய்மார்கள் கேட்பாங்க: "கள்ளு மட்டும் குடும்பத்தைக் கெடுக்காதா?" கோபம் நியாயம்தான். கள்ளும் போதைதான், அளவு மீறினா கெடுக்கும். குடியில் பாதுகாப்பான அளவு என்று ஒன்றுமே இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொல்லியிருக்கு. கள்ளிலும் கலப்படம் நடக்குது. 2025 ஜூலையில் ஐதராபாத் கூகட்பல்லியில் மயக்க மருந்து கலந்த கள் குடித்துப் பலர் செத்தாங்க. இதை மறைத்துக் கோரிக்கை வைத்தா நாமும் வியாபாரிதான். அதனால்தான் நாம ஏலக் கடை கேட்கல. மரத்தடி விற்பனை கேட்கிறோம். காலையில் இறக்கினதைத் தெரிந்த முகத்துக்கிட்ட அன்னைக்கே விற்றா கலப்படத்துக்கு இடம் கிடையாது.

நம்ம கோரிக்கைகள்:

1. மதுவிலக்கு என்றால் எல்லாச் சரக்குக்கும் மதுவிலக்கு. அரசியல் சட்டம் 47-வது பிரிவு சொல்வதும் அதைத்தான்.

2. அது முடியாது என்றால், கெடுதல் குறைந்த கள்ளுக்கு மட்டும் தடை போடுவதை நிறுத்து! பனை, தென்னை வைத்திருக்கும் விவசாயியும் மரம் ஏறுகிறவரும் மரத்தடியில் விற்க உரிமை கொடு!

3. கலப்படம் செய்கிறவனுக்குக் கடும் தண்டனை, கள்ளுக்கு ஊர்தோறும் பரிசோதனை.

4. மெத்தனால் தொழிற்சாலையிலிருந்து வெளியேறும் ஒவ்வொரு லிட்டருக்கும் கணக்குக் காட்டு!

திண்டிவனம், விழுப்புரம் வட்டார விவசாயிகளே! கூலிக்காரன் கையில் விஷப் பாக்கெட்டும், அரசாங்கக் கையில் கல்லாப்பெட்டியும், பனையேறி கையில் விலங்கும் இன்னும் எத்தனை நாளைக்கு? சிந்திப்பீர்! ஒன்று சேர்வீர்!