ஊராட்சித் தேர்தலில் உங்களுக்கு எத்தனை ஓட்டு? கல்லூரி மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய உள்ளாட்சித் தேர்தல் கணக்கு

சட்டமன்றத் தேர்தல் என்றால் ஒரு பட்டன், ஒரு பீப் சத்தம், வேலை முடிந்தது. கிராம ஊராட்சித் தேர்தலில் ஒருவருக்கு எத்தனை ஓட்டு? கல்லூரி வகுப்பில் கேட்டுப் பாருங்கள், 'ஒன்றுதானே' என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். சரியான விடை, நான்கு.

கிராம ஊராட்சி வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், ஊராட்சி ஒன்றிய வார்டு உறுப்பினர், மாவட்ட ஊராட்சி வார்டு உறுப்பினர். இந்த நான்கு பேரையும் ஒரே நாளில், ஒரே பூத்தில் தேர்ந்தெடுக்க வேண்டும். மின்னணு இயந்திரம் கிடையாது, வாக்குச்சீட்டுதான். குழப்பம் வரக்கூடாது என்பதற்காக நிறம் பிரித்திருக்கிறார்கள். வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள். ஒரே பூத்தில் இரண்டு வார்டு இருந்தால் ஒன்றுக்கு நீல நிறச் சீட்டு.

இது தெரியாதது மாணவர்களின் தப்பு இல்லை. அவர்கள் பார்த்திருக்க வாய்ப்பே குறைவு. 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தலின் அறிவிப்பை சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதன்பிறகு 27 மாவட்டங்களில் ஊரகத் தேர்தல் நடந்தது 2019 டிசம்பரில். புதிதாகப் பிரிக்கப்பட்ட மாவட்டங்களின் வார்டு வரையறை முடியாததால், மீதி 9 மாவட்டங்களில் 2021 அக்டோபரில்தான் நடந்தது. நகரங்களுக்கு 2022 பிப்ரவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 5 ஆண்டு முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்த வேண்டும் என்று அரசமைப்புச் சட்டமே சொல்கிறது. ஆனாலும் நகரங்களில் 5 ஆண்டுக்கு மேல் கவுன்சிலரே இல்லாமல் தனி அலுவலர்கள்தான் நிர்வாகம் பார்த்தார்கள். 2019-ல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்தபோதும் அதே தனி அலுவலர்கள்தான் வந்தார்கள். 2019-ல் பள்ளி யூனிஃபார்மில் இருந்தவர்கள்தான் இன்று கல்லூரியில். முதல் ஓட்டுக்கு முன்பு அவர்கள் வீட்டில் இந்தப் பேச்சே அடிபட்டிருக்காது.

நடத்துவது யார்?

டெல்லியில் இருக்கும் இந்தியத் தேர்தல் ஆணையம் இல்லை. மாநிலத் தேர்தல் ஆணையம் என்று தனியாக ஒன்று இருக்கிறது. 73, 74-வது அரசமைப்புத் திருத்தங்களுக்குப் பிறகு, 1994-ல் தமிழ்நாட்டில் உருவானது. வேட்புமனு, சின்னம், வாக்குப்பதிவு, எண்ணிக்கை எல்லாம் இதன் பொறுப்பு. ஆனால் வார்டு வரையறை, இடஒதுக்கீடு போன்ற விஷயங்களில் மாநில அரசின் கையும் இருக்கிறது. தேர்தல் தள்ளிப்போகும் கதையெல்லாம் பெரும்பாலும் இங்கேதான் தொடங்கும்.

விதிகளும் வேறு. 2022 நகர்ப்புறத் தேர்தலில் வாக்கு இயந்திரம் இருந்தது, ஆனால் நோட்டா பட்டன் இல்லை. நகரவாசிக்கு நான்கு ஓட்டும் இல்லை, தன் வார்டு கவுன்சிலருக்கு ஒரே ஒரு ஓட்டுதான். மேயரை யார் தேர்ந்தெடுத்தது? கவுன்சிலர்கள். 2011-ல் மக்கள் நேரடியாக மேயருக்கு ஓட்டுப் போட்டார்கள், 2006-ல் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்தார்கள், 2001-ல் மறுபடியும் நேரடி. ஆட்சிக்கு ஏற்ப இந்த விதி மாறிக்கொண்டே வந்திருக்கிறது. அதனால் பழைய பாடப்புத்தகத்தைப் பார்த்து மனப்பாடம் செய்தால் மாட்டிக்கொள்வீர்கள். கிராமத்தில் தலைவரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒன்றியக் குழுத் தலைவர், மாவட்ட ஊராட்சித் தலைவர் இருவரையும் உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள்.

கட்சி விஷயத்திலும் இதே மாதிரி இரட்டை வழிதான். கிராம வார்டு உறுப்பினரும் தலைவரும் கட்சிச் சின்னத்தில் நிற்க முடியாது. பச்சை, மஞ்சள் சீட்டில் கட்சிச் சின்னங்கள் இருக்கும். வெள்ளையிலும் இளஞ்சிவப்பிலும் சுயேச்சைச் சின்னங்கள் மட்டும். பின்னால் எந்தக் கட்சி நிற்கிறது என்பது ஊருக்கே தெரியும், அது வேறு கதை.

ஹாஸ்டல் மாணவர் எங்கே ஓட்டுப் போடுவது?

மாணவர்களுக்கு உண்மையிலேயே சிக்கலான இடம் இதுதான். மாநிலத் தேர்தல் ஆணையம் வாக்காளர்களைப் புதிதாகக் கணக்கெடுப்பதில்லை. சட்டமன்றத் தொகுதிப் பட்டியலை எடுத்து வார்டு வாரியாகப் பிரிக்கிறது. ஆகவே 18 வயது முடிந்ததும் படிவம் 6 கொடுத்து அந்தப் பட்டியலில் சேர்ந்திருக்க வேண்டும்.

விடுதியில் தங்கிப் படிப்பவர் சொந்த ஊரிலும் பதியலாம், கல்லூரியின் சான்றோடு விடுதி முகவரியிலும் பதியலாம். ஏதாவது ஓர் இடத்தில் மட்டும். சட்டமன்றத் தேர்தலுக்கு இரண்டில் எது என்றாலும் பெரிய வித்தியாசம் இல்லை. உள்ளாட்சியில் நிறைய வித்தியாசம் இருக்கிறது. தென்காசிப் பக்கம் ஒரு கிராமத்து மாணவி கோவை விடுதிக்குப் பெயரை மாற்றினால், ஊரில் இருந்த நான்கு ஓட்டும் போய்விடும், கோவை மாநகராட்சியில் ஒரு கவுன்சிலர் ஓட்டு வரும். மூன்று வருடம் மட்டும் இருக்கப்போகும் ஊரின் குப்பை, தண்ணீர் பற்றி முடிவெடுப்பதா, அப்பா அம்மா இருக்கும் தெருவைப் பற்றியா? அவரவர் முடிவு. ஆனால் தெரிந்து எடுக்க வேண்டிய முடிவு. ஊரில் வேட்பாளராக நிற்கும் எண்ணம் இருந்தால் பெயர் அந்த ஊர்ப் பட்டியலில்தான் இருக்க வேண்டும்.

படிக்கப் போனவர்களுக்குத் தபால் ஓட்டு கிடையாது, நேரில்தான் போக வேண்டும். 2021-ல் முதல் கட்ட வாக்குப்பதிவு அக்டோபர் 6, புதன்கிழமை. வாரத்தின் நடுவில் பஸ் ஏறி ஊருக்குப் போய் வந்தவர்களுக்குத்தான் அந்த அலைச்சல் தெரியும்.

21 வயதில் வேட்பாளர்

எம்எல்ஏ ஆக 25 வயது வேண்டும். ஊராட்சித் தலைவராகவோ கவுன்சிலராகவோ ஆக 21 போதும், அதாவது இறுதியாண்டோ முதுகலையோ படிக்கிற வயது. 2022-ல் சென்னை மேயரான ஆர்.பிரியாவுக்கு அப்போது வயது 28. பெண்களுக்கு 50 சதவீத இடஒதுக்கீடு இருப்பதால் மாணவிகளுக்குக் கதவு இன்னும் அகலம். செலவும் பயப்படும் அளவுக்கு இல்லை. 2019-ல் கிராம வார்டு உறுப்பினருக்கு டெபாசிட் 200 ரூபாய், தலைவருக்கு 600. பட்டியலின, பழங்குடியின வேட்பாளர்களுக்கு அதில் பாதி.

நேரம்தான் இருக்காது. 2019-ல் டிசம்பர் 9-ல் மனுத் தாக்கல் தொடங்கி 16-ல் முடிந்தது. ஒரே வாரம். அதற்குள் முன்மொழிபவரைப் பிடிக்க வேண்டும், அவர் அந்த வார்டின் வாக்காளராக இருக்க வேண்டும். இந்த வேகத்தில் பல இடங்களில் போட்டியே இல்லாமல் போய்விடுகிறது. அந்தத் தேர்தலில் 76,746 கிராம வார்டு உறுப்பினர் இடங்களில் 18,000-க்கும் மேற்பட்டவை போட்டியின்றி நிரம்பின. நாலில் ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். அந்த வார்டுகளில் வெள்ளைச் சீட்டே வரவில்லை.

சில ஊர்களில் அது நல்ல சமாதானமாக இருக்கலாம். ஆனால் தலைவர் பதவியை ஏலம் விட்டு, மற்றவர்களை மனு போடாமல் தடுக்கும் ஊர்களும் இருக்கின்றன. அது சட்டப்படி குற்றம். தனித்தொகுதிகளின் வரலாறு இன்னும் கசப்பானது. பட்டியலினத்தவருக்கு ஒதுக்கப்பட்ட மேலவளவு ஊராட்சியில் தலைவரான முருகேசன் உள்பட 6 பேர் 1997 ஜூன் 30-ல் கொல்லப்பட்டார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஆகிய ஊர்களில் 1996-ல் இருந்து பத்து ஆண்டுகள் முறையான தேர்தலே நடத்த முடியவில்லை. 2006 அக்டோபரில்தான் நடந்தது. ஓட்டு என்பது பூத்துக்குள் நடப்பது மட்டும் இல்லை, மனுத் தாக்கல் நாளிலேயே பாதித் தேர்தல் முடிந்துவிடலாம் என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் வேண்டாம்.

கல்லூரியில் என்ன செய்யலாம்?

தேர்தல் கல்வி மன்றங்கள் 2018-ல் இருந்தே இருக்கின்றன. உறுதிமொழி, கோலப்போட்டி, செல்ஃபி பூத் என்று ஜனவரி 25-ஐக் கொண்டாடி முடித்துவிட்டால் பெரிதாகப் பயன் இல்லை. ஒரு மாதிரி ஊராட்சித் தேர்தலை நடத்திப் பாருங்கள். துறைகளை வார்டுகளாகப் பிரியுங்கள், பாதி வார்டுகளைப் பெண்களுக்கு ஒதுக்குங்கள். எந்த வார்டு என்று முடிவு செய்யும்போதே சண்டை வரும், வரட்டும், நிஜத்திலும் வருகிறது. மனுவுக்கு ஒரே வாரம் கொடுங்கள். பரிசீலனையில் ஒரு மாணவரைத் தேர்தல் நடத்தும் அலுவலராக உட்காரவைத்து, எந்த மனு செல்லும், எது தள்ளுபடி என்று காரணத்தோடு எழுதச் சொல்லுங்கள். நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்கு ஒரு வாரம் கிராமத்துக்குப் போகிறவர்கள், அந்த ஊரின் வார்டு வாரி வாக்காளர் பட்டியலை வாங்கி, ஒரு தெரு எந்த வார்டில் வருகிறது என்று நடந்து பார்க்கலாம். தெருவின் இந்தப் பக்கம் ஒரு வார்டு, எதிர்ப்பக்கம் வேறு வார்டு என்பதெல்லாம் அப்போதுதான் புரியும்.

எண்ணிக்கையை மட்டும் சுருக்கிவிடாதீர்கள். நான்கு நிறச் சீட்டுகளும் ஒரே பெட்டிக்குள் கலந்து கிடக்கும். முதல் வேலை ஓட்டு எண்ணுவது இல்லை, நிறம் பிரிப்பது. அப்புறம் கட்டுக் கட்டாகக் கட்டி, செல்லாத ஓட்டைத் தனியே எடுக்க வேண்டும். மை காயாமல் மடித்ததால் முத்திரை இரண்டு சின்னத்தில் பதிந்திருந்தால் எது அசல்? முத்திரையில் உள்ள அம்புக்குறிகள் ஒரே திசையில் சுழலும்படி இருப்பதால், ஒட்டிப் பதிந்த தடம் திசை மாறித் தெரியும். அதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். 2020 ஜனவரி 2 காலையில் தொடங்கிய ஊரக வாக்கு எண்ணிக்கை மறுநாளும் நீண்டது ஏன் என்று, கையில் அந்தச் சீட்டுக் கட்டைப் பிடித்தவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதே இல்லை. கடைசியில் இரண்டு வேட்பாளருக்கும் சமமான ஓட்டு வந்தால் மறுதேர்தல் கிடையாது, குலுக்கல்தான்.