முதுகுக்குப் பின்னே லாரி

வாசலில் நிறுத்தியிருக்கும் உங்கள் பைக்கை ஒரு தடவை சுற்றி வந்து பாருங்கள். இதைப் படித்து முடித்த பிறகு அல்ல, இப்போதே. (மூன்றாவது மாடிக்காரர்கள் பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தால் போதும்.)

சைடு ஸ்டாண்டு இடது பக்கம். கியர் இடது. கிளட்ச் இடது கையில். சைலன்ஸர் வலது பக்கம். பின் சக்கரத்தை ஒட்டி, புடவை மாட்டாமலிருக்க ஒரு கம்பித் தடுப்பு இருக்கிறதே, கடையில் சாரி கார்டு என்பார்கள், அது இடது பக்கம் மட்டும். அதன் கீழே இரண்டு பாதமும் வைக்கிற மாதிரி ஒரு தகடு. அதுவும் இடதுதான்.

ஏன் என்று மெக்கானிக்கைக் கேட்டால், "அது அப்படித்தான் சார் வரும்" என்பார். அப்படியொன்றும் வர வேண்டியதில்லை. திருவொற்றியூரில் தயாரான பழைய புல்லட்டை ஓட்டியவர் யாராவது உங்கள் தெருவில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். கியர் வலது காலில், பிரேக் இடது காலில். பிரிட்டிஷ்காரன் பழக்கம். புல்லட்டில் பழகியவர் நண்பரின் பைக்கை இரவல் வாங்கினால், பிரேக் என்று நினைத்து கியரை மிதித்துவிட்டு முன்னால் போகும் ஆட்டோவோடு பேச்சுவார்த்தை நடத்த வேண்டிவரும். அமெரிக்காவில் இந்தக் குழப்பத்துக்குச் சட்டம் போட்டே முடிவு கட்டினார்கள். 1974 செப்டம்பரிலிருந்து தயாராகும் மோட்டார் சைக்கிள் எதுவானாலும் கியர் இடது கால், பிரேக் வலது கால். தலைமுறை தலைமுறையாக வலது பக்கம் கியர் வைத்த டிரயம்ஃபும் நார்ட்டனும் அமெரிக்க மார்க்கெட்டை விட மனமில்லாமல் மாற்றிக்கொண்டன. நம்ம புல்லட்டும் 2010 வாக்கில் பழைய எஞ்சினுக்கு விடை கொடுத்தபோது, வலது கால் கியருக்கும் சேர்த்தே விடை கொடுத்துவிட்டது.

ஆக, எந்தப் பக்கம் என்பது பிரம்மா எழுதியதல்ல. மனிதர்கள் கூடிப் பேசினால் மாறும்.

இடது பக்கமாக ஏறுவது குதிரைக் காலத்து வழக்கம் என்பார்கள். இடுப்பில் இடது பக்கம் வாள் தொங்கியதால் அந்தக் காலை ஊன்றி மற்றக் காலைத் தூக்கிப் போட்டார்களாம். வாள் போயே போச்சு, ஏறுகிற பக்கம் மட்டும் போகவில்லை. நமக்கு அதில் நஷ்டமும் இல்லை. சாலையின் இடது ஓரமாகப் போகிற நாடு. இடது பக்கம் இறங்கினால் பிளாட்பாரம். ஸ்டாண்டு போட்டால் வண்டி ஓரமாகச் சாய்கிறது. அமெரிக்காக்காரன்தான் பாவம், வலது ஓரம் போய்க்கொண்டு இடது பக்கம் நடுரோட்டை நோக்கிச் சாய்க்கிறான்.

ஓட்டுகிறவர் கதை இத்தோடு சரி. என் சண்டை பின்னால் உட்கார்ந்திருப்பவரைப் பற்றியது.

புடவை கட்டிய பெண் பின் சீட்டில் இடது பக்கம் பார்த்து, இரண்டு காலையும் ஒரே பக்கம் தொங்கவிட்டு உட்காருகிறார். சைலன்ஸர் வலது பக்கம், கால் சுடாது. இறங்கினால் பிளாட்பாரம். பார்க்க எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது! ஆனால் இதெல்லாம் ஏறும்போதும் இறங்கும்போதும்தான். நடுவில் வண்டி ஓடுகிறதே, அப்போது என்ன ஆகிறது?

இடது பக்கம் பார்த்து உட்கார்ந்தவரின் முதுகு எந்தப் பக்கம் இருக்கும்? வலது பக்கம். அதாவது நடுரோட்டுப் பக்கம். நம்மை முந்திக்கொண்டு போகும் பஸ்ஸும் தண்ணீர் லாரியும் அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு கை தூரத்தில் போகின்றன. அவருக்கு அவை தெரியாது, சத்தம்தான் கேட்கும். பள்ளத்தில் வண்டி தூக்கிப் போட்டால், வண்டியை அணைத்துப் பிடிக்க முழங்கால்கள் இரு பக்கமும் இல்லை. முன்பக்கம் சரிந்தால் காலாவது தரையில் படும். பின்பக்கம் மல்லாந்தால் முதலில் படுவது பின்மண்டை. அதுவும் பிளாட்பாரத்தில் அல்ல, நடுரோட்டில்.

என் சித்தி அப்படித்தான் விழுந்தார். தெருவில் யாரோ புதிதாகப் போட்ட வேகத்தடை, பெயின்ட் அடிக்காதது. மடியில் ஒன்றரை வயதுப் பையன். சித்தப்பா நாற்பது அடி தள்ளிப் போய்தான் பின்னால் எடை குறைந்ததை உணர்ந்து திரும்பிப் பார்த்தார். பின்னால் வந்த வேன் டிரைவர் நல்லவர், கண் விழித்திருந்தார். பையனுக்குக் கீறல் இல்லை. சித்திக்கு எட்டுத் தையல். அதற்குப் பிறகும் உறவினர்கள் சொன்னது: "கெட்டியாப் பிடிச்சிட்டு உட்கார வேணாமா?" குழந்தையையா, வண்டியையா என்று யாரும் சொல்லவில்லை.

இப்போது அந்த சாரி கார்டுக்கு வருவோம். முந்தானையை எந்தத் தோளில் போடுகிறோம்? இடது தோளில். இடது பக்கம் பார்த்து உட்கார்ந்தால் அந்தத் தோள் வண்டியின் வால் பக்கம் வரும். முந்தானை முதுகுப் பக்கம் தொங்கும். காற்று அதைப் பின்னால் தள்ளும். அது போய்ச் சேரும் இடம் பின் சக்கரத்தின் வலது பக்கம். அங்கேதான் தடுப்பு கிடையாது! கணுக்காலில் புரளும் கொசுவத்துக்குக் காவல் போட்டுவிட்டு, கழுத்தைச் சுற்றியிருக்கும் துணியை மறந்துவிட்டார்கள். துப்பட்டா கதை இன்னும் மோசம். முந்தானைக்காவது ஒரு முனைதான் தொங்குகிறது, துப்பட்டாவுக்கு இரண்டு.

இது கம்பெனிகளின் அலட்சியம் மட்டுமல்ல. 1989-ம் வருட மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-வது விதி, பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மூடச் சொல்கிறது, பின்னால் இருப்பவரின் உடை மாட்டாமலிருக்க. 2020-ல் அதைத் திருத்தியபோது கைப்பிடியும் கால் வைக்கும் இடமும் இரண்டு பக்கமும் வேண்டும் என்றார்கள். பேஷ். ஆனால் சக்கர மூடி? இடது பக்கத்தில் பாதி போதும்! விதி எழுதிய மேஜையில் புடவை கட்டிய ஒருவராவது இருந்தாரா என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.

இன்னொரு வேடிக்கை. பிரிட்டனில் 1988-ல் ஒரு சாலைப் போக்குவரத்துச் சட்டம் வந்தது. நம்முடைய மோட்டார் வாகனச் சட்டமும் அதே 1988-தான். மோட்டார் சைக்கிளில் பின்னால் ஒருவர்தான், அவரும் ஓட்டுகிறவர் சீட்டுக்குப் பின்னால் உறுதியாகப் பொருத்திய சீட்டில்தான் என்று இரண்டும் ஏறக்குறைய ஒரே குரலில் பேசுகின்றன. ஒரே ஒரு வித்தியாசம். அங்கே 'இரு பக்கமும் கால் போட்டு' உட்கார வேண்டும் என்று இருக்கிறது. இங்கே அது இல்லை. அந்த ஒற்றை வார்த்தை இல்லாத இடத்தில்தான் நம் வீட்டுப் பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

தலைக்காவது கவசம் இருந்ததா? டெல்லியில் 2014 வரை பெண்களுக்கு ஹெல்மெட் கட்டாயமில்லை. பெண்ணின் மண்டை ஓடு கெட்டியானது என்று அரசாங்கத்துக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

"சும்மா இருங்க சார், புடவையில் எப்படிக் கால் போட்டு உட்காருவது?" என்று கேட்பீர்கள். நியாயம். புடவையில் முடியாதவர்கள் இருக்கிறார்கள். வேட்டி கட்டிய தாத்தாக்களும்தான். அவர்களுக்காகத்தான் வலது பக்கமும் தடுப்பு கேட்கிறேன். ஆனால் சுடிதார் போட்ட பெண்ணும் ஜீன்ஸ் போட்ட பெண்ணும் மாமியார் ஜன்னலில் நிற்கிறார் என்பதற்காகத் தெருமுனை வரை ஒரு பக்கமாக உட்கார்ந்து, முனை திரும்பியதும் இறங்கிக் காலை மாற்றிப் போடுவதை நான் பார்த்திருக்கிறேன். அங்கே புடவை எங்கே வந்தது? 2013-ல் இந்தோனேஷியாவின் ஆச்சே மாகாணத்தில் லோக்சுமாவே என்ற ஊரில், பெண்கள் பைக்கில் இரு பக்கமும் கால் போட்டு உட்காரக் கூடாது என்று மேயர் உத்தரவே போட்டார். ஒழுக்கமாக இல்லையாம். உலகமே சிரித்தது. நாமும் சிரித்தோம். நம் ஊரில் மேயர் தேவைப்படவில்லை, அவ்வளவுதான். அத்தைமார் போதும்.

அதே பெண் ஸ்கூட்டரைத் தானே ஓட்டும்போது நேராகத்தான் உட்காருகிறாள். புடவையோடு ஓட்டுகிறாள், ஒழுக்கம் எங்கும் போகவில்லை. கணவன் ஓட்டினால் மட்டும் திடீரென்று பக்கவாட்டில் திரும்ப வேண்டும். ஓட்டும்போது சரியாக இருப்பது பின்னால் உட்காரும்போது எப்படித் தப்பாகும்? யோசித்துச் சொல்லுங்கள், அவசரமில்லை.

கம்பெனிகள் பதில் தயாராக வைத்திருக்கும்: வலது பக்கம் சைலன்ஸர் இருக்கிறது, இடமில்லை. சைலன்ஸர் சக்கரத்தின் கீழ்ப்பாதியில்தானே ஓடுகிறது? முந்தானை மாட்டுவது மேல்பாதியில். இரண்டு கம்பி வளைக்க ராக்கெட் விஞ்ஞானி வேண்டாம். எஞ்சினையே மாற்றிப் போட்டு கியரை வலதிலிருந்து இடதுக்குக் கொண்டுபோனவர்கள் இதைச் செய்ய முடியாதா? அமெரிக்கா கேட்டால் முடிகிறது. அம்மாப்பேட்டை கேட்டால் முடியவில்லை.

போன வாரம் எங்கள் தெரு வெல்டிங் கடையில் விசாரித்தேன். கடைக்காரர் வண்டியைக் குனிந்து பார்த்து, சுண்டுவிரல் கனத்தில் ஒரு கம்பியை எடுத்து வலது பக்கம் வைத்துக் காட்டினார். "ஒரு மணி நேர வேலை சார். ஆனா இதுவரைக்கும் ஒருத்தரும் இந்தப் பக்கம் கேட்டதில்லையே" என்றார். வியாழக்கிழமை வண்டியை விடச் சொல்லியிருக்கிறார்.