அணைந்துபோன கெபி விளக்கு



பாகூர் கொம்யூனைச் சேர்ந்த நம் கிளைப்பங்கு ஒன்றின் கெபியில் சென்ற தவக்காலத்தின்போது புதுவிளக்கு ஒன்று பொருத்தப்பட்டது. ஆள் வந்தால் தானே எரியும். அகன்றால் தானே அணையும். பொறியியல் பயிலும் பங்கு இளைஞர் ஒருவர் தம் கையாலேயே அதனை அமைத்தார். மின்கட்டணம் குறையுமென்று மகிழ்ந்து நாமும் அதனை மந்திரித்துத் தொடங்கி வைத்தோம்.

மூன்றாம் நாள் மாலை மூதாட்டி ஒருவர் நம்மிடம் முறையிட வந்தார். "சாமி, நான் பத்து மணி முடிக்கிறதுக்குள்ள வெளக்கு அணைஞ்சி போவுது. கைய ஆட்டினாத்தான் திரும்ப எரியுது. நான் மாதாவப் பாத்துக் கும்பிடுறதா, வெளக்கப் பாத்துக் கைய ஆட்டுறதா?"

நாம் முதலில் நகைத்தோம், பின்னர் சிந்தித்தோம். அவ்விளக்கிலிருந்த உணர்கருவி மனித உடலினின்று வெளிப்படும் அகச்சிவப்புக் கதிர்களின் மாற்றத்தை மட்டுமே அறியும். நடப்பவர் அதற்குத் தெரிவார். அசையாது அமர்ந்திருப்பவரோ அதன் கணக்கில் இல்லாதவரே. கருவியைக் குறைகூற இடமில்லை. மாடிப்படிக்கு ஏற்ற விளக்கை, அமைதியாக அமர்ந்திருப்பதற்கென்றே உள்ள இடத்தில் நாம் மாட்டிவிட்டோம். அங்கு வருவோர் என்ன செய்வர் என்று முன்னரே எண்ணிப் பாராததுதான் குறை.

அவ்விளைஞர் மனம் சோரவில்லை. மூன்று மாலைப்பொழுதுகள் கெபியின் ஓரத்தில் அமர்ந்து, யார் வருகின்றனர், எங்கே அமர்கின்றனர், எவ்வளவு நேரம் இருக்கின்றனர் என்று குறித்துக்கொண்டார். பின்னர், அமரும் பலகையின் கீழே எடையை உணரும் கருவியைப் பொருத்தினார். விளக்கு சட்டென்று அணையாமல், முதலில் மங்கி அறிவிக்குமாறு செய்தார். கைக்கு எட்டும் உயரத்தில் சாதாரண சுவிட்சு ஒன்றையும் வைத்தார். இப்பொழுது அம்மூதாட்டி ஐம்பத்து மூன்று மணி செபத்தையும் இடையூறின்றி முடிக்கிறார்.

சிறு கெபியில் நாம் கற்ற இப்பாடம் உயிர்காக்கும் பெருங்காரியங்களுக்கும் பொருந்தும். அதற்கு நம் புதுவை மண்ணே சான்று. 1998 ஆம் ஆண்டில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை நடுவிடமாகக் கொண்டு, கிராமங்களில் தகவல் மையங்களை நிறுவத் தொடங்கிற்று. மக்களின் தேவை யாது என்று முதலில் அவர்களிடமே கேட்டறிந்தது. வீராம்பட்டினத்து மீனவருக்குத் தேவைப்பட்டது கடலின் நிலை. ஆகவே அமெரிக்கக் கடற்படை இணையத்தில் வெளியிட்ட அலை உயர முன்னறிவிப்பு, அங்கே தமிழில் ஒலிபெருக்கி வழியாக அறிவிக்கப்பட்டது. கணினியைத் தொட்டறியாதவருக்கும், வலை பின்னிக்கொண்டிருந்த இடத்திலேயே செய்தி கிடைத்தது.

2004 டிசம்பர் 26 அன்று நல்லவாடு கிராமத்தில் நிகழ்ந்ததை நம்மில் பலர் அறிவோம். ஆழிப்பேரலையை உணர்ந்து எச்சரிக்கும் அமைப்பு அந்நாளில் இந்தியப் பெருங்கடலில் இல்லை. சிங்கப்பூரில் பணிபுரிந்த அவ்வூர்க்காரர் ஒருவர் செய்தியறிந்து, தொலைபேசியில் ஊருக்கு எச்சரிக்கை விடுத்தார். அங்கிருந்த தகவல் மையத்தின் ஒலிபெருக்கி உடனே முழங்கிற்று. வீடுகளும் படகுகளும் சிதைந்தன. மக்களோ உயிர் தப்பினர்.

அதன்பின் 2007 இல் ஐதராபாத்திலுள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையத்தில் எச்சரிக்கை நிலையம் நிறுவப்பட்டது. ஆழ்கடலின் தரையில் வைக்கப்பட்ட கருவிகள், நம் கெபிப் பலகையைப் போலவே, தம்மேல் அழுத்தும் நீரின் எடையை உணர்கின்றன. கடல்மட்டத்தில் நேரும் சில சென்டிமீட்டர் மாற்றமும் அவற்றிற்குப் புலப்படும். அச்செய்தி ஒலியலைகளாக மேலே மிதக்கும் மிதவைக்கும், மிதவையிலிருந்து செயற்கைக்கோள் வழியாகக் கரைக்கும் வருகிறது. வியத்தகு அமைப்பே! ஆயினும், கரையில் இருப்பவரின் செவியை எட்டாத எச்சரிக்கையால் யாருக்கு என்ன பயன்? நல்லவாட்டில் அன்று கருவி இல்லாவிடினும், செய்தி செவியை எட்டுவதற்கு வழி இருந்தது. இனி இவ்விரண்டும் வேண்டும்.

நம் இல்லங்களில் இன்று எத்தனையோ பிள்ளைகள் இத்தகைய கருவிகளைப் பற்றிப் பயில்கின்றனர். பள்ளியிலோ, சமூகக் கூடத்திலோ, கோவிலிலோ ஒன்றை அமைக்க அவர்கள் முன்வரும்போது, பெற்றோரும் பங்குப் பேரவையினரும் மூன்று கேள்விகளைக் கேட்பது நலம். இங்கு வருவோர் யார்? அவர்கள் இங்கே செய்வது என்ன? மின்சாரம் நின்றாலோ கருவி தவறினாலோ கையால் இயக்க வழியுண்டா?

இவற்றிற்கான விடையைக் கடையில் வாங்க இயலாது. நம் இளைஞரைப் போல மூன்று மாலைப்பொழுதுகள் பொறுமையாக அமர்ந்து பார்த்தல் வேண்டும். ஊரில் மிகவும் மெதுவாக நடப்பவர், கண் மங்கியவர், காது மந்தமானவர் ஆகியோரிடம் முதலில் கேளுங்கள். அவர்களுக்கு உதவும் கருவி மற்றெவருக்கும் உதவும்.