திருநீர்மலையில் கேட்ட நாயனம்

அக்கா மகளுக்கு ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளை மிருதங்கம் வாசிக்கிற பையன், பாலக்காடு செம்பை இசைக் கல்லூரியில் படித்தவன். இவள் பாடுவாள். பெண் பார்க்க வந்த அன்று தனியாகப் பேசச் சொல்லி அனுப்பினால், இரண்டு பேரும் அரை மணி நேரம் தோடியைப் பற்றியே பேசிவிட்டு வந்தார்களாம். பாடகிகள் பி. லீலாவும் ஸ்வர்ணலதாவும் பிறந்த பாலக்காட்டுச் சித்தூர் தாலுகா எங்களுடையது. பாட்டுப் பைத்தியம் எங்களுக்குப் புதிதல்ல. ஆனால் எங்கள் பெருமாட்டிப் பக்கம் கோயில் கல்யாணம் என்றால் குருவாயூர், மண்டபம் என்றால் பொள்ளாச்சி. இவள் திருநீர்மலை என்றாள்.

“அத்தனை தூரம் எதுக்கு கண்ணு? மெட்ராஸ் வரைக்கும் யாரு வருவாங்க?”

“வர்றவங்க வரட்டும் சித்தி. எம்.எஸ். அம்மா கழுத்துல தாலி ஏறின இடம் அது.”

அதற்கு மேல் நான் வாதாடவில்லை.

1940 ஜூலை 10. பல்லாவரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த மலைக்கோயிலில் மதுரை சண்முகவடிவு மகள் எம்.எஸ். சுப்புலட்சுமிக்கும் தியாகராஜன் சதாசிவத்துக்கும் திருமணம் நடந்தது. பெண்ணுக்கு வயது 23. வீணை வாசிக்கும் அம்மா, பிடில் வாசித்த பாட்டி என்று வீடே இசையாக இருந்த குடும்பம். மாப்பிள்ளைக்கு 37, திருச்சிக்குப் பக்கத்து அங்கரைக்காரர், கதர் மூட்டை சுமந்து தேசபக்திப் பாட்டுப் பாடித் திரிந்த ராஜாஜி தொண்டர். மனைவியை இழந்தவர், இரண்டு பெண் குழந்தைகளின் தகப்பன். இவர் சாதி வேறு, அவர் சாதி வேறு. ‘சேவாசதனம்’ படத்தால் ஊரறிந்த முகமாகிவிட்ட ஒரு பாடகி, அந்தக் காலத்து ஆடம்பரம் எதுவுமில்லாமல் ஒரு மலைக்கோயிலில் மாலை மாற்றிக்கொண்டார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு நெகிழும்.

அந்த வருஷம் வந்த ‘சகுந்தலை’யில் அவர்தான் சகுந்தலை. மகன் பரதனாக நடித்தது யார் தெரியுமா? சதாசிவத்தின் மூத்த மகள் ராதா. படத்தில் அம்மா, அதே வருஷம் வீட்டிலும் அம்மா. அந்தக் குழந்தைதான் பிறகு ‘மீரா’வில் சின்ன மீராவாக வந்தது, மேடையில் எம்.எஸ்.ஸின் இரண்டாவது குரலாக அமர்ந்தது. 1966-இல் ஐக்கிய நாடுகள் சபைக் கச்சேரியிலும் கூடவே பாடியது. 1963-இல் பதிவான வேங்கடேச சுப்ரபாதத்தில் நாம் கேட்பதும் இந்த இரண்டு குரல்களைத்தான். மார்கழி விடியலில் வண்டித்தாவளம் போகும் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும்போது எங்கிருந்தோ அது காற்றில் வரும். ஒரு கல்யாணத்தால் தாயும் மகளுமான இரண்டு பேர் சேர்ந்து நம்மை எழுப்புகிறார்கள்.

சதாசிவம் அவரைக் கட்டுப்படுத்தினார், எதைப் பாட வேண்டும் என்பதுவரை அவரே முடிவு செய்தார் என்று சொல்பவர்கள் உண்டு. அதில் உண்மை இருக்கிறது. பாட்டுப் பட்டியல் போடுவார், முன்வரிசையில் உட்கார்ந்து கவனிப்பார். அவர் ‘கல்கி’ பத்திரிகை தொடங்கப் பணம் வேண்டும் என்பதற்காகவே எம்.எஸ். ‘சாவித்திரி’யில் நாரதர் வேஷம் கட்டினார். அந்த வீட்டின் பாரத்தில் பெரும்பகுதி அவர் குரலின்மேல்தான் இருந்தது. இதை மறைத்து அந்தக் கல்யாணத்தைக் கோலம் போட்டுக் காட்ட எனக்கு விருப்பமில்லை. அக்கா மகளிடமும் சொன்னேன். ஆனால் 57 வருஷம் கழித்து, 1997 நவம்பரில் சதாசிவம் போன பிறகு, எம்.எஸ். கச்சேரி மேடை ஏறவேயில்லை. அந்த மௌனத்தைக் கட்டுப்பாடு என்ற ஒரு சொல்லில் அடக்கிவிட என்னால் முடியவில்லை.

நாள் குறிக்கப் போன மாதம் நாங்கள் திருநீர்மலை போனோம். அடிவாரத்தில் நீர்வண்ணர் நிற்கிறார். மேலே நரசிம்மர் இருக்கிறார், ரங்கநாதர் கிடக்கிறார், உலகளந்தவர் நடக்கிறார். மலையைச் சுற்றி வெள்ளம் நின்றதால் திருமங்கையாழ்வார் ஆறு மாசம் காத்திருந்து தரிசித்தார் என்பது தலபுராணம். நாங்கள் போன அன்று ஒரு முகூர்த்தம் நடந்துகொண்டிருந்தது. நாயனக்காரர் சீவாளியை உதட்டில் ஈரப்படுத்திக்கொண்டு கானடாவை மெல்ல எடுத்தார். தவில்காரர் வலது கை விரல்களில் கூடுகளை ஒவ்வொன்றாக மாட்டினார். மீனம்பாக்கத்தில் இறங்கப் போகும் விமானம் தலைக்கு மேல் இரைந்துகொண்டு வந்தது. நாயனக்காரர் நிறுத்தவில்லை. ஒரு ஸ்வரத்தில் அப்படியே நின்றார். இரைச்சல் தேய்ந்து போனதும் அந்தக் கார்வை அங்கேயே இருந்தது.

பிறகு ஐயர் விரலை ஆட்டி, “கெட்டிமேளம், கெட்டிமேளம்” என்றார். தும்மலோ அமங்கலச் சொல்லோ அந்த நேரத்தில் காதில் விழக்கூடாது என்பதற்காக அடிக்கும் மேளம் என்று எங்கள் அம்மா சொல்வாள். இப்போது பல மண்டபங்களில் அதுவே கேட்பதில்லை. ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டு ஒரு பக்கம், கேமராக்காரர்களின் முதுகு ஒரு பக்கம். மேளக்காரர்கள் வாசல் ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, மணமேடையில் என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்த்துத்தான் அடிக்க வேண்டியிருக்கிறது. இது எனக்கு நிஜமாகவே வலிக்கிறது. தாலி ஏறும் அந்த நொடியை ஊருக்கு அறிவிக்கிறவர்கள் அவர்கள். பழைய கோயிலைத் தேடிப் போகிற பிள்ளைகள் தூண்களைப் படம் பிடித்துக்கொள்ளட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. அந்தத் தூண்கள் எத்தனை நூறு வருஷமாக எதைக் கேட்டுக்கொண்டு நிற்கின்றனவோ அதையும் கொஞ்சம் கேட்கட்டும்.

அக்கா மகள் அந்த நாயனக்காரரிடமே போய்ப் பேசினாள். ஸ்பீக்கர் வைக்கமாட்டோம், உங்களுக்கு மணமேடைக்கு நேர் எதிரே ஜமுக்காளம் என்றாள். அவர் கொஞ்ச நேரம் அவளையே பார்த்தார்.

“ஊஞ்சலுக்கு என்ன ராகம் வேணும்மா?”

மாப்பிள்ளைப் பையன் வாய் திறப்பதற்குள் இவள், “உங்களுக்கு எது பிடிக்குமோ அது மாமா” என்றாள். அவர் அட்வான்ஸைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, நாயனத்தைத் துணி உறையில் போட்டு முடிச்சிட்டார்.