புது எஞ்சினும் பழைய வழக்கமும்

"டர்போ வண்டி வேண்டாம், செலவு வைத்துவிடும்" என்ற பேச்சு நம் கடைவீதிகளில் அடிக்கடி காதில் விழுகிறது. புது எஞ்சின் மீது பழி போடுமுன் நம் வழக்கங்களையும் சற்றுப் பார்க்க வேண்டும் என்பது நம் கருத்து.

அம்பாசடர் காலத்து எஞ்சின் எதையும் பொறுத்துக்கொண்டது. எந்த ஆயிலை ஊற்றினாலும், மாற்றத் தாமதித்தாலும் ஓடியது. அதன் 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின் தந்த சக்தியைப் போல் இரு மடங்கை இன்று 1000 சி.சி. டர்போ எஞ்சின் தருகிறது. டர்போ நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்கிறது. அதன் பேரிங்குக்கு எஞ்சின் ஆயில்தான் உயிர். நேரடியாக சிலிண்டருக்குள் பாய்ச்சப்படும் பெட்ரோலின் அழுத்தம், டயரில் நாம் அடிக்கும் காற்றைப் போல் ஏறக்குறைய நூறு மடங்கு. டீசலுக்கு இதைவிடப் பல மடங்கு. இத்தனை நுட்பமான பொருளில் ஆயிலுக்குக் கணக்குப் பார்ப்பது, விளக்கெண்ணெயை மிச்சம் பிடித்து வண்டி அச்சை முறித்த கதைதான்.

கையேட்டில் குறித்த தரத்து ஆயிலையே பில்லுடன் வாங்கி ஊற்ற வேண்டும். நம் வண்டிகள் நெரிசலிலும் குறுகிய ஓட்டத்திலும் உழைப்பவை. ஆகவே குறித்த கிலோமீட்டர் வரை காத்திராமல் முன்கூட்டியே மாற்றுவது லாபம். காலையில் ஸ்டார்ட் செய்ததும் முறுக்கக் கூடாது. நெடுஞ்சாலையில் விரைந்து வந்தால், ஒரு நிமிடம் ஓடவிட்டு அணைக்க வேண்டும். மேட்டில் கியரைக் குறைக்காமல் ஆக்ஸிலேட்டரை அழுத்துவது பிஸ்டனுக்கே ஆபத்து.

இன்னொன்று. நேரடி இன்ஜெக்‌ஷன் எஞ்சினில் பெட்ரோல் உள்வால்வைத் தொடுவதில்லை. எனவே நாளடைவில் அங்கே கரி படிகிறது. டாங்கில் ஊற்றும் பாட்டில் மருந்து இன்ஜெக்டரைச் சுத்தம் செய்யலாம், வால்வை எட்டாது. அதற்குக் கழற்றிச் சுத்தம் செய்வதே வழி.

டீசல் கார் வாங்க எண்ணுவோர் நன்கு யோசிக்க வேண்டும். 2020 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் பாரத் ஸ்டேஜ் 6 நடைமுறைக்கு வந்தபின், டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. அந்தக் கரி எரிந்து தீர, நல்ல சூட்டில் 15, 20 நிமிடம் இடைவிடாத ஓட்டம் வேண்டும். வீட்டுக்கும் கடைக்கும் மூன்று கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டியில் அது அடைத்துக்கொள்ளும். எரிப்பு அடிக்கடி பாதியில் நின்றால் டீசல் ஆயிலில் கலந்து ஆயில் மட்டம் ஏறும். ஆயில் குறைந்தால் மட்டுமல்ல, கூடினாலும் எச்சரிக்கை! அத்தகையோருக்கு டர்போ இல்லாத சாதாரண பெட்ரோல் காரே போதும். வெளியூர்க் கொள்முதலுக்கு அலைபவர்களுக்கு டீசல் பொருந்தும்.

முதலாளி கையேட்டைப் படித்துப் பயனில்லை. வண்டி டிரைவர் கையில் இருக்கிறது. ஆகவே நம் சங்கம், தேர்ந்த மெக்கானிக் ஒருவரை அழைத்து உறுப்பினர்களின் டிரைவர்களுக்கு ஒரு மாலை வகுப்பு நடத்த வேண்டும். ஆயில் விற்கும் நம் உறுப்பினர்கள், ஊர் பேர் தெரியாத சரக்கைக் கடையில் ஏற்றுவதில்லை என உறுதி கொள்ள வேண்டும். போலி ஆயிலில் கிடைக்கும் லாபம், நம் சக வியாபாரியின் எஞ்சினிலிருந்து வருவது என்பதை மறக்கலாகாது. அடுத்த செயற்குழுவில் இதைப் பேசி முடிவெடுக்க வேண்டுகிறோம்.