பருத்தி நூலும் ஒரு காவல்

நோர்வேயில் ஒக்டோபர் 1 ஆம் திகதி சிங்க இறால் பருவம் தொடங்கும். பொழுதுபோக்காகக் கூடு இறக்கும் எம்மவர் சிலர், அதற்கான விதிகளை வெளிநாட்டவர்மீது இடப்பட்ட தடைகளென எண்ணுகின்றனர். அதனை நாம் ஏற்கோம். 2017 முதல் கடற்றொழில் இயக்குநரகத்தில் பதியாமல் எவரும் பிடித்தலாகாது, நோர்வேஜியரும் விலக்கல்லர்.

நெற்றிமுள் முதல் வால்நுனி வரை அளந்து, 25 சென்ரிமீற்றருக்குக் குறைந்ததையும், தென்கரையில் 32 ஐ மிஞ்சியதையும், எங்கும் முட்டை சுமந்ததையும் உடனே கடலில் விடவேண்டும். கூட்டின் ஒரு திறப்பைப் பருத்தி நூலாற் கட்டுவதும் விதி. கூடு தொலைந்தால் நூல் உக்கி, அகப்பட்டவை தப்பும். இன்றேல் அக்கூடு ஆளின்றியே கொல்லும்.

அகதி மனு நிலுவையிலுள்ளவருக்குச் சிறு தண்டப்பணமும் பெருஞ்சுமை. எமது சங்கங்கள் இவ்விதிகளைத் தமிழாக்கிச் செப்டெம்பரிலேயே அறிவித்தல் கடன்.